பெயர் ஒட்டாத நாடா

சாவியை ஒப்படைத்தேன்.
முப்பத்தாறு வருடத்துக்கு முன் நான் கட்டிய
இருபது பிராங்க் முன்பணத்தை
ரசீது போட்டுத் திருப்பித் தந்தார்கள்.
பேர்ண் இப்படித்தான். எதையும் மறக்காது.

நிலவறை அலமாரியைக் காலி செய்கையில்
செலினா கேட்டாள்:
"சபா, இதில் பெயர் ஒட்டவில்லையே. வெற்று நாடாவா?"
இல்லை என்றேன்.
உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

*

சனிக்கிழமை மாலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க
வானொலியில் ஏதோவொரு ஊர்த் தேவாலயத்து மணி.
துடைப்பத்தோடு நிலையத்துக்குள் நுழைந்த எனக்கு
கடைசியில் கிடைத்த பொறுப்பு அது.
எம்மென்டால் மேடுகளில் நானும் நாக்ராவும்,
பனியில், சாணி மணக்கும் வெயிலில்.
திருநீறு பூசிய நெற்றியோடு ஏணி ஏறுவேன்.
கோபுரத்துப் புறாக்கள் என் சமயம் விசாரித்ததில்லை.

அடி ஓய்ந்த பிறகும் வெண்கலம் கொஞ்சம் முணுமுணுக்கும்.
அந்த வால் அறாமல் வரவேண்டும்.
இடையில் டிராக்டர் போனால்
இன்னொரு தரம் அடியுங்கள் என்று கேட்க முடியாது;
யாரோ செத்துவிட்டார் என்று ஊர் திரண்டுவிடும்.

கடைசியாக எப்போது சாமி கும்பிட்டீர்கள் என்பாள் மனைவி.
அந்த வாலுக்காக மூச்சடக்கி நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால்
ஒரு கந்தசஷ்டிக்குக் காணும் என்பேன்.
அவள் சிரிக்கமாட்டாள்.

*

தொண்ணூற்றேழு மார்ச். ஹின்டர்மூஸ் ஊர்ச்சபை.
நான் குடியிருந்த ஊர்.
சபை நடக்கும் விதம் பற்றிய நிகழ்ச்சிக்கு
ஆறாம் பொருள்வரை பதிவு செய்ய அனுமதி.
ஆறாம் பொருள் குடிநீர்க் குழாய்.
ஏழாம் பொருள் நான்.

இரத்தினசபாபதி, குடியுரிமை விண்ணப்பம்.
தலைவர் பெயரில் இரண்டு தரம் இடறி
மூன்றாம் தரம் கரையேறினார்.
"தயவுசெய்து வெளியில் நில்லுங்கள்."
விறகு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன்,
குளிர்சட்டையை உள்ளே விட்டுவிட்டு.
உள்ளே மேசையில் நாக்ராவும் ஓடிக்கொண்டிருந்தது.
கதவு மூடிய பிறகுதான் உறைத்தது.
தட்டியிருக்கலாம்.

வேண்டாம் நாற்பத்தொன்று. சரி முப்பத்தெட்டு.

அடுத்த சனிக்கு எந்த ஊர் மணி?
ஹின்டர்மூஸ்.
பட்டியல் தயாரித்தவன் நான்தான், தை மாதமே.
மணியடிக்கும் வால்டர் ஷ்டக்கி
கோப்பியில் கொஞ்சம் கிர்ஷ் ஊற்றித் தந்தார்.
நாயைக் கட்டியாயிற்று என்றார்.
தன் கை எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
ஆறு நிமிடம். வால் மட்டும் இருபத்து மூன்று விநாடி.
வெட்டாமல் ஒலிபரப்பினேன்.
பெருந்தன்மை என்று யாரும் சொல்லவேண்டாம்.
நல்ல மணி அது.

நாலு வருடம் கழித்து மறுபடி கை தூக்கினார்கள்,
இந்தத் தரம் போதுமான அளவு.
பிறகு அதே மண்டபத்தில் நானே வாக்கெண்ணினேன்:
பள்ளிக்கூடக் கூரைக்கு, நாய் வரிக்கு,
ஒருநாள், விறகு அடுக்குப் பக்கம் நின்ற
கொசோவோப் பெண் ஒருத்திக்கு.
எண்ணுகிறவன் கையைத்தான் பார்க்கவேண்டும்.
நான் முகங்களைப் பார்த்தேன்.
எண்ணிக்கை பிழைத்து
மறுபடி தூக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

*

நாடாவை நான் கேட்டதேயில்லை.
கை உயர்வதற்கு ஓசை கிடையாது.
ஆனால் சட்டைக் கை உரசும், நாற்காலி முனகும்,
ஒரு தொண்டை கனைக்கும்.
கனைப்பைக் கொண்டே ஆளைச் சொல்லும் காது எனக்கு.
அனுமதி குழாயோடு முடிந்துவிட்டது.

நேர்மை என்று இதை எழுதி வைக்கலாம்.
அப்படியானால்
சில இரவுகள் நாடாவை இயந்திரத்தில் கோத்து
பொத்தான்மேல் விரலை வைத்தபடி
உட்கார்ந்திருந்ததையும் எழுதவேண்டும்.

அழிக்கும் பெட்டி பதினைந்து விநாடி உறுமியது.
"அப்படி என்னதான் இருந்தது?"
"குடிநீர்க் குழாய்," என்றேன்.
பொய் இல்லை.

இந்தச் சனி மணி வேறொருவர் பதிவு.
அடுப்படியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.
வாலை இரண்டு விநாடி முந்தி வெட்டிவிட்டார்கள்.
நிலையத்துக்குக் கடிதம் போடலாமா
என்று பார்க்கிறேன்.